கையைக் கட்டிக்கோ, மருமகனே

மருமகனே, பேக்கப் இல்லைங்கிறதை ஏன்டா போன்ல இப்படி முணுமுணுக்கிற? பெருமையாச் சொல்லு. பயந்தாங்கொள்ளிதான் நகல் எடுத்து வைப்பான். உன் முதலாளி வீரன். ஆபீஸ் வாசலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டாரு, தெருப் பந்தலுக்கு நன்கொடை எழுதுனாரு, நகலுக்குன்னு நீ கேட்டப்ப மட்டும் "அடுத்த வருசம் பாத்துக்கலாம்"னாரு. அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? வரவு செலவு, சம்பளம், அஞ்சாறு ஊரு கிட்டங்கி இருப்பு, அத்தனையும் ஒரே சர்வருக்குள்ள. அந்தச் சர்வரு கொல்கத்தா பாலிகஞ்சுல, தரைத்தளத்துல, மாடிப்படிக்கு அடியில. தெருவுல தண்ணி ஏறுனா மொதல்ல உள்ள வந்து நலம் விசாரிக்கிற இடமாப் பாத்து வச்சிருக்கீங்க.

விசாரிச்சிருச்சு. 2025 செப்டம்பர் 22 ராத்திரி பிடிச்ச மழை, 23 விடியுறதுக்குள்ள கரியா காமடஹரியில 332 மில்லிமீட்டர், ஜோத்பூர் பார்க்குல 285, காளிகாட்டுல 280. நம்ம சாத்தூர்க் கரிசக்காட்டுக்கு இவ்வளவு தண்ணி வேணும்னா வானத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டு மாசக்கணக்கா உக்காந்திருக்கணும். இங்க ஒரு ராத்திரியில கொட்டிட்டுப் போயிருச்சு. மகாளயம் முடிஞ்சு ரெண்டு நாள்கூட ஆகலை. மூங்கில் கட்டின பந்தலெல்லாம் முழங்கால் தண்ணியில நின்னுச்சு. தெருத் தண்ணியில கசிஞ்ச கரண்டு தாக்கிப் பல உசுரு போச்சு. அதனால உன்னைய மொதல்ல ஒண்ணு கேக்குறேன். சர்வரு ரூமுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்ன மெயினை அணைச்சியா? யூபிஎஸ் பேட்டரிக்குக் கரண்டு ஆபீஸ் வேண்டியதில்லைங்கிறது ஞாபகம் இருந்துச்சா? டேட்டாவை மீட்கப் போனவனை நாலு பேரு சேந்து மீட்கிற நிலைமை வந்தா, உங்க அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிட்டிருக்க முடியாது.

சரி, உசுரோட இருக்க. இப்ப உனக்கு என்ன செய்யத் தோணுதுன்னு நானே சொல்லட்டுமா? ஈரமான டிஸ்க்கைக் கழட்டி வெயில்ல வைக்கணும். உன் பொண்டாட்டியோட முடி உலத்துற மெஷினைக் கொண்டுவந்து சூடாக் காத்து அடிக்கணும். மொபைல் தண்ணியில விழுந்தா அரிசிக்குள்ள புதைப்பாகளே, அந்த மாதிரி கோவிந்தபோக் அரிசி மூட்டைக்குள்ள போட்டுப் புதைக்கணும். செய்யி, நல்லாச் செய்யி. உள்ள போன சாக்கடைத் தண்ணி காஞ்சு, உப்பும் சேறும் தகட்டுல ஒட்டிக்கும். அதுக்கப்புறம் ஒருதரம் கரண்டு கொடு. தகடு சுத்தும், அதுக்கு மேல மயிரிழையைவிடச் சின்ன இடைவெளியில பறக்கிற ஹெட்டு அந்தச் சேத்துல மோதும், மிச்சத்தையும் வழிச்சு எடுத்துரும். செய்யப் பிடிக்கலைன்னா, ஈரத்தோடயே பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி, எந்த டிஸ்க்கு எந்த நம்பர் துவாரத்துல இருந்துச்சுன்னு மேல எழுதி, அப்படியே வை. பவர் கொடுக்காதே. ரெண்டாவது யோசனையில செய்ய வேலையே இல்லை. அதனாலதான் உங்க ஆபீஸ்ல யாருக்கும் அது பிடிக்காது. தண்ணி வந்த ஆபீஸ்ல சும்மா நிக்கிறவனைப் பாத்தா முதலாளிக்கு ரத்தம் கொதிக்கும்.

உன் நல்ல நேரம், தண்ணி ரெண்டு டிஸ்க்கு வரைக்கும்தான் ஏறியிருக்குங்கிற. ரெய்டு அஞ்சு, நாலு டிஸ்க்கு. ரெய்டு போட்டிருக்கோமே, அது பேக்கப் மாதிரிதானே மாமான்னு போன வருசம் என்கிட்ட வாதாடுனியே, ஞாபகம் இருக்கா? ஒரு டிஸ்க்கு போனா மத்த மூணு தாங்கும். ரெண்டு போனா ஒண்ணும் தாங்காது. அதுலயும் ரெண்டும் தண்ணியிலதான் ஒண்ணாப் போச்சுன்னு நம்பிராதே. மொதல் டிஸ்க்கு எப்பவோ செத்திருக்கும். சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கும். அது தீபாவளி அலங்காரம்னு நினைச்சு நீங்களும் நடமாடியிருப்பீங்க. மழை அன்னிக்குப் போனது ரெண்டாவதா இருக்கும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சாந்தினி மார்க்கெட் சந்துல டிஸ்க்கு வைத்தியம் பாக்குற ஒரு வங்காளிப் பய, மண் குவளைச் சாயாவுக்கு இடையில எனக்குச் சொல்லிக் கொடுத்தது. மொதல்ல செத்த டிஸ்க்கு உசுரு பிழைச்சுக்கிட்டாக்கூட அதை நம்பாதே. அது செத்த நாளோட நின்னு போச்சு. அதுக்கப்புறம் மூணு டிஸ்க்கும் எழுதுன எழுத்து எதுவும் அதுக்குத் தெரியாது. கடைசியாப் போன டிஸ்க்குதான் நிலவரம் தெரிஞ்ச டிஸ்க்கு. அதை நகலெடுத்து, நல்லா இருக்கிற ரெண்டோட சேத்தா மூணு ஆச்சு, கணக்கு நேராகும். அவசரக்காரன் என்ன செய்வான்? ரெண்டையும் உள்ள சொருகி, "ரீபில்ட்"னு ஒரு பொத்தானை அமுக்குவான். பழைய டிஸ்க்குல இருக்கிற பழைய எழுத்தை உண்மைன்னு நம்பிக் கன்ட்ரோலர் விடியவிடிய உக்காந்து புது எழுத்து மேல எழுதித் தள்ளும். காலையில விளக்கெல்லாம் பச்சையா இருக்கும், டேட்டா இருக்காது. எந்த டிஸ்க்கு எப்பப் போச்சுன்னு கன்ட்ரோலர் லாகுல தேதி மணியோட கிடக்கும். அதைப் படிக்கக் காசு வேண்டாம், கண்ணாடி மாட்டுனாப் போதும்.

கன்ட்ரோலர் உன்கிட்ட இன்னொரு கேள்வி கேக்கும். "ஃபாரின் கான்ஃபிக் இருக்கு, இம்போர்ட்டா கிளியரா?" அப்படின்னு. அது போதாதுன்னு "இனிஷியலைஸ்"னு பக்கத்துலயே ஒரு பொத்தான் வேற, குழந்தைக் கைக்கு எட்டுற உயரத்துல. எல்லாத்தையும் தாண்டி, ஒரு பெட்டிக்குள்ள பல சர்வரை ஓட்டுற ஈஎஸ்எக்ஸ்ஐ வரைக்கும் போயிட்டேன்னு வை. அது தன்னோட கிட்டங்கியான டேட்டாஸ்டோரைக் கண்டும் காணாத மாதிரி இருக்கும். டிஸ்க்கு தெரியும், டேட்டாஸ்டோர் பேரு தெரியாது. கன்ட்ரோலர் மாறியிருந்தா, இது அசலா வேறெதோட நகலான்னு அதுக்குச் சந்தேகம். "நியூ டேட்டாஸ்டோர்"னு போனா மூணு வழி காட்டும். பழைய அடையாளத்தை அப்படியே வச்சுக்கிறது ஒண்ணு, புது அடையாளம் கொடுக்கிறது ஒண்ணு, ஃபார்மட் பண்றது ஒண்ணு. இந்த மூணையும் ஒரே அளவு எழுத்துல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதி வச்ச மகராசன் யாருன்னு தெரியலை, அவனுக்கு மனுச சுபாவம் அத்துப்படி. ராத்திரி மூணு மணிக்குக் கண்ணெரியுற ஒருத்தன் மூணாவதைத்தான் அமுக்குவான். அடைஞ்ச கதவைத் திறக்க வந்தவன் வீட்டை இடிச்சுட்டுப் போவான்.

ஆக, நான் சொல்ற யோசனை ஒண்ணே ஒண்ணுதான். கையைக் கட்டிக்கோ. மழை பாதியைத்தான் கொண்டுபோகும். மீதியைக் கொண்டுபோறது மழை நின்ன மறுநாள் காலையில எட்டு மணிக்கு ஆபீஸுக்கு ஓடிவர்றவன். அவன் கெட்டவனா இருக்க மாட்டான். உன்னைய மாதிரி நல்ல பயலா, சொன்ன வேலையைச் செய்றவனா, முதலாளி முகத்தைப் பாத்துப் பதறுறவனா இருப்பான்.

கையைக் கட்டிக்கிட்டே செய்ய வேண்டிய வேலையும் இருக்கு. புதுசா, பெருசா டிஸ்க்கு வாங்கு. லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவசக் கருவி, அதை வச்சு நனையாத ஒவ்வொரு டிஸ்க்கையும் ஒரு புள்ளி விடாம நகலெடு. அதுக்கு நம்ம ஊர்க் கிழவிகளோட பொறுமை உண்டு. முதல் சுத்துல லேசா வர்றதை எல்லாம் அள்ளிக்கும். முரண்டு பிடிக்கிற இடத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு அப்புறமா வந்து கெஞ்சும். நடுவுல கரண்டு போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடங்கும். எது மூலம், எது நகல்னு மட்டும் ரெண்டு தரம் பாத்துக்கோ. அதை இடம் மாத்திப் போட்டவங்க உண்டு, அவங்க காலி டிஸ்க்கை நல்லா நகலெடுத்து வச்சிருக்காங்க. இதுக்கப்புறம் அசலைத் தொடவே கூடாது. பூட்டி வை. நகலை வச்சு எத்தனை விளையாட்டு வேணாலும் விளையாடு, கெட்டுப்போனா இன்னொரு நகல்.

இப்ப வி.எம். கதைக்கு வருவோம். முதலாளி கிட்ட "சர்வரு பன்னெண்டு போச்சு"ன்னு சொன்னியாம். அவரு பன்னெண்டு இரும்புப் பெட்டியைத் தேடியிருப்பாரு, பாவம். இரும்பு ஒண்ணுதான். மத்ததெல்லாம் தன்னைக் கம்ப்யூட்டருன்னு நம்பிக்கிட்டு ஓடுற ஃபைலுக. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபோல்டரு. அதுக்குள்ள "ஃபிளாட்"னு பேருல முடியுற ஒரு தடியன் ஃபைல், டேட்டா எல்லாம் அதுலதான். அந்தத் தடியன் எவ்வளவு பெருசு, எங்க இருக்கான்னு சொல்ற நாலுவரித் துண்டு ஒண்ணு, வி.எம்.டி.கே.ன்னு. எத்தனை மெமரி, எந்த நெட்வொர்க்குன்னு சொல்ற வி.எம்.எக்ஸ். இன்னொண்ணு. துண்டு ரெண்டும் தொலைஞ்சா வி.எம். எந்திரிக்காது. தடியன் முழுசா இருந்தும் "ஃபைல் இல்லை"ன்னுதான் மெஷின் சொல்லும். அதைக் கேட்டு அழுதவங்க ஏராளம். அழ வேண்டியதே இல்லை. தடியனோட சரியான அளவுக்கு ஒரு புது வி.எம்.டி.கே. உண்டாக்கி, அதோட வந்த காலித் தடியனை வீசிட்டு, துண்டுல பேரை மாத்தி எழுதி நம்ம தடியனைக் காட்டுனா எந்திரிச்சிரும். வி.எம்.எக்ஸ்.-ம் போச்சா? அதே ஃபோல்டருல விஎம்வேர் லாகுன்னு ஒரு ஃபைல் யாரும் சீந்தாமக் கிடக்கும். வி.எம். ஒவ்வொரு தரம் எந்திரிக்கிறப்பயும் தன்னோட அமைப்பு பூராவையும் வரிவரியா அதுல ஒப்பிச்சு வச்சிருக்கும்.

இது உனக்குப் புதுசு, எனக்குப் பழசு. கேனிங் ஸ்ட்ரீட் பாக்ரி மார்க்கெட் 2018 செப்டம்பர் 16 விடியக்காலம் பத்திக்கிச்சே, அதுவும் பூஜைக்கு முந்தித்தான். நாள்கணக்கா எரிஞ்சது. நம்ம பக்கத்துக்காரரு ஒருத்தரு அங்க சிவகாசிக் காலண்டரு ஏஜெண்டு. (சிவகாசிக்கும் இந்த ஊருக்கும் இன்னிக்கு நேத்தா பழக்கம்? 1920-கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இங்க வந்து தங்கித்தானே தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டுப் போனாங்க.) அவரோட பேரேடு அத்தனையும் சாம்பல். யாரு எவ்வளவு தரணும்னு ஒரு வரி மிச்சமில்லை. மனுசன் தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. அப்புறம் பாத்தா, அன்னன்னிக்கு நடந்ததைக் கிறுக்குற சிட்டை அவரு வீட்டுப் பரண்ல இருக்கு. பொண்டாட்டிக்கு ராத்திரி கணக்கு காட்டணும், அதுக்காகத் தினமும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற பழக்கம். மனைவிக்குக் கணவன் மேல இருந்த சந்தேகம் அவரு தொழிலைக் காப்பாத்துச்சு. சிட்டையை வச்சு, லாரி ஆபீஸ் ரசீதுகளை வச்சு, சிவகாசி அச்சகத்துக்காரன் பேரேட்டுல நம்ம பக்கத்தைப் பாத்து, நாங்க ரெண்டு மூணு பேரு உக்காந்து புதுப் பேரேடு எழுதுனோம். கடன் வாங்கினவங்கள்ல சிலபேரு தானா வந்து "இவ்வளவு தரணும்"னு சொன்னாங்க. சிலபேரு நெருப்பை நேர்ல பாத்து ஆறுதல் சொல்லிட்டுப் போனதோட சரி.

உன் ஸ்டோரேஜ்ல பேரேடு போயிருந்தா, சிட்டையைத் தேடு. லாகு ஃபைலு சிட்டை. டேட்டாபேஸோட டிரான்சாக்‌ஷன் லாகு சிட்டை. ஊழியர் மெயில்ல அனுப்பின எக்செல் சிட்டை. டேலி கணக்கை ஒருத்தன் தன் லேப்டாப்புக்கு ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டுப் போய் வேலை பாத்திருப்பான், அவனைப் போன வாரம் வரைக்கும் விதிமீறல்னு திட்டியிருப்பீங்க. இப்ப அவனுக்கு ரசகுல்லா வாங்கிக் கொடுங்க.

நான் கிழவன், கேனிங் ஸ்ட்ரீட் கதையையே சொல்லிக்கிட்டிருக்கேன்னு நினைக்காதே. நல்ல வெளிநாட்டுக் கதையும் வச்சிருக்கேன். 2023 பிப்ரவரி தொடக்கத்துல ஈஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ்னு ஒரு பணயக்காரப் புரோகிராம் உலகம் பூரா ஆயிரக்கணக்கான சர்வருக்குள்ள பூந்துச்சு. பூந்த ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலயே பேட்ச் வந்தாச்சு. ரெண்டு வருசம் போடாம வச்சிருந்த தைரியசாலிங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு, உங்க முதலாளி வம்சம். ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு பிட்காயின் பக்கம் கேட்டானுக. வி.எம். எதுவும் எந்திரிக்கலை. பதறி எத்தனை பேரு சர்வரை ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசாப் போட்டாங்களோ! அதே நேரத்துல துருக்கியில எனெஸ் சோன்மெஸ், அகமது அய்காச்னு ரெண்டு பேரு உக்காந்து, ஃபோல்டருக்குள்ள என்னதான் இருக்குன்னு நிதானமா எட்டிப் பாத்தாங்க. அந்தப் புரோகிராம் சின்னத் துண்டுகளைத்தான் பூட்டியிருந்துச்சு. ஃபிளாட் தடியனை நிறைய இடத்துல தொடவே இல்லை. துண்டைப் புதுசா எழுதி வி.எம்.-ஐ எழுப்பிட்டாங்க. வழியையும் எல்லாருக்கும் எழுதி வச்சாங்க. அமெரிக்க அரசாங்கத்தோட சைபர் காவல் அமைப்பு சிசா, அதையே வச்சு ஒரு மீட்புக் கருவி செஞ்சு அதே மாசம் வெளியிட்டுச்சு. திருடனும் அதைப் படிச்சான். உடனே அடுத்த அலையில தடியன் ஃபைலுலயும் பாதியைப் பூட்டுற மாதிரி மாத்திட்டான். மொதல் நாளே ஃபார்மட் பண்ணினவன் மட்டும் ரெண்டு அலையிலயும் பிழைக்கலை.

"ஸ்நாப்ஷாட் இருக்கு மாமா"ன்னு நேத்து ராத்திரி சொன்ன. சிரிக்கக் கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டேன். ஸ்நாப்ஷாட் அதே டேட்டாஸ்டோருல, அதே ஃபோல்டருல, அதே தண்ணிக்குள்ளதான் உக்காந்திருக்கு. அது பழைய தடியனை உறைய வச்சுட்டு, அதுக்கப்புறம் நடந்த மாத்தத்தை மட்டும் தனி ஃபைல்ல எழுதும். ஒன்றரை வருசத்துக்கு முந்தி எடுத்து மறந்தது ஏதாவது இருந்தா, ஒன்றரை வருசக் கணக்கும் அந்தத் தனி ஃபைல்லதான். அதை விட்டுட்டுத் தடியனை மட்டும் எழுப்பினா ஒன்றரை வருசத்துக்கு முந்தின ஆபீஸ் எந்திரிக்கும். எழுப்பின அந்த நிமிசமே சங்கிலியும் அறுந்துரும். அப்புறம் ரெண்டையும் கோக்குறது லேசுல நடக்காது. மறுபடியும் சொல்றேன், நகலை வச்சு மட்டும் விளையாடு.

நீ வி.எம். எதையும் டிலீட் பண்ணலையே? பண்ணியிருந்தா வேற அவசரம். டேட்டாஸ்டோரு புது வி.எம்.எஃப்.எஸ். ஆறு வகையா இருந்தா, அழிச்ச இடத்தை "இனி வேண்டாம்"னு அது பின்னணியில மெல்ல ஸ்டோரேஜுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். ஸ்டோரேஜும் நம்பித் துடைச்சிரும். எஸ்எஸ்டியா இருந்தா இன்னும் சுத்தம். அந்த ஒரு கதையில மட்டும் கையைக் கட்டிக்கிட்டு யோசிக்கக் கூடாது, ஸ்டோரேஜ் இணைப்பை அப்பவே பிரிச்சிரணும்.

இதைக் கேளு. இங்க மழை பெஞ்ச மூணாம் நாள், செப்டம்பர் 26 சாயங்காலம், தென்கொரியாவுல டேஜான் ஊருல அரசாங்க டேட்டா சென்டருல லித்தியம் பேட்டரி பத்திக்கிச்சு. சர்வரு பக்கத்துல இருந்த யூபிஎஸ் பேட்டரியை வேற இடத்துக்கு மாத்துற வேலை நடந்துக்கிட்டிருந்தப்ப. நல்ல காரியம் செய்யப் போயி நடந்தது, அதைக் கவனி. நூத்துக்கணக்கான அரசாங்க சேவை நின்னு போச்சு. அதுல ஜி-டிரைவ்னு ஒண்ணு, அதிகாரிகள் கோப்பு வைக்கிற இடம், ஆளுக்கு 30 ஜிபி. மொத்தம் 858 டெராபைட். அதுக்கு வெளியில நகலே இல்லை. காரணம் கேட்டா, ரொம்பப் பெருசு, அதனால நகலெடுக்கலைன்னாங்க. பெருசா இருக்கிறது போனா நஷ்டமும் சின்னதாத்தான் இருக்கும்னு கணக்குப் போட்டிருப்பாங்க போல. அதைவிட வேடிக்கை, கோப்பை உன் கம்ப்யூட்டருல வச்சுக்காதே, ஜி-டிரைவ்லயே வையின்னு உத்தரவு போட்டிருந்தாங்க. சொன்ன பேச்சைக் கேட்டவனுக்குத்தான் எல்லாம் போச்சு. அப்புறம் எதை வச்சு மீட்டாங்க தெரியுமா? சொல்பேச்சு கேக்காம கம்ப்யூட்டருல கிடந்த கோப்பு, மெயில், அச்சடிச்ச காகிதம், கையெழுத்துக்குப் போன இன்னொரு சிஸ்டத்துல தங்கியிருந்த முடிவறிக்கைகள். எல்லாம் சிட்டை.

அவ்வளவு தூரம் போகணும்னு இல்லை, நம்ம பக்கத்து இலங்கை அரசாங்கக் கிளவுடுலயும் 2023 ஆகஸ்ட் 26-ல பணயக்காரன் பூந்தான். மே 17 தொடங்கி அன்னிக்கு வரைக்குமான அரசாங்க மெயிலு போச்சு, அந்தக் காலத்துக்கு நகல் கிடையாது. அஞ்சாயிரம் பக்கம் மெயில் கணக்குங்க, மந்திரிசபை அலுவலகமும் அதுல உண்டு. பழைய மெயில் புரோகிராமை மாத்தக் காசு ஒதுக்கலைன்னு அப்புறம் சொன்னாங்க. உன் முதலாளிக்கு இதைப் படிச்சுக் காட்டு. ஒரு நாட்டு மந்திரிசபையோட தனக்கு இவ்வளவு ஒற்றுமையான்னு சந்தோசப்படுவாரு.

இனி சாந்தினிக்குப் போற விசயம். டிஸ்க்கு நனைஞ்சிருந்தாலோ கடகடன்னு சத்தம் போட்டாலோ, டிடிரெஸ்க்யூவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நிறுத்திட்டு வைத்தியருகிட்ட கொடு. சந்துக்குள்ள நூறு போர்டு தொங்கும். உள்ள போயி அவன் டிஸ்க்கு மூடியை எங்க வச்சுத் திறக்கிறான்னு பாரு. தூசி இல்லாத தனி அறை இல்லாம, டேபிள் ஃபேனுக்குக் கீழ திறக்கிறவனா இருந்தா, "பாத்ரூம் எங்க தாதா"ன்னு கேட்டுட்டு அப்படியே நழுவிரு. ஹெட்டு மாத்த அதே மாடல் டிஸ்க்கு இன்னொண்ணு வேணும், அது யாரு செலவுன்னு முதல்லயே பேசு. கிடைச்ச ஃபைல் பட்டியலைப் பாத்த பிறகுதான் முழுப்பணம்னு எழுதி வாங்கு. "நூத்துக்கு நூறு மீட்டுத் தர்றேன்"னு டிஸ்க்கைக் கையில வாங்குறதுக்கு முந்தியே சொல்றவன், கல்யாணத் தரகரா இருக்க வேண்டியவன்.

பன்னெண்டு வி.எம்.-ஐயும் கேக்காதே. முதலாளி எல்லாம் வேணும்பாரு. அவருகிட்ட சம்பளம் எந்தத் தேதின்னு மட்டும் கேளு, பூஜை போனஸ் வேற இருக்கு. உடனே பட்டியல் சுருங்கிரும். கணக்கு, சம்பளம், இருப்பு, மூணு. பிரிண்டர் சர்வரைப் புதுசாப் போட்டுக்கலாம். "டெஸ்ட் ரெண்டு", "டெஸ்ட் பழசு புதுசு"ன்னு இருக்கே, அதையெல்லாம் மழை கொண்டுபோனது உங்களுக்குச் செஞ்ச உபகாரம்.

மூணும் எந்திரிச்சதும் ஆட்டம் போடாதே. நெட்வொர்க்கைப் பிடுங்கி வச்சுட்டு எழுப்பு, இல்லைன்னா பழைய தேதியில முழிச்ச சர்வரு உங்க ஆளுகளுக்கெல்லாம் பழைய மெயிலை அனுப்பிக்கிட்டிருக்கும். விண்டோஸ் திரை வந்தா டேட்டா வந்ததா அர்த்தமில்லை. டேட்டாபேஸைத் தன்னைத்தானே சரிபாத்துக்கச் சொல்லு. அது ஒத்துக்கிட்ட பிறகு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு ஆகஸ்ட் மாசக் கடைசி இருப்பையும் பாங்கு பாஸ்புக்கையும் ஒத்துப் பாக்கச் சொல்லு. அவரு தலையாட்டுற வரைக்கும் பூட்டி வச்ச அசல் டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதே. "இடம் அடைக்குது"ன்னு ஒருத்தரு வருவாரு, அவருக்கும் கொடுக்காதே.

முதலாளி அறிக்கை கேப்பாரு. காரணம்னு போட்டிருக்கிற கட்டத்துல "மழை"ன்னு எழுது. மழை வந்து மறுத்துப் பேசப் போறதில்லை. அவருக்கும் அதுதான் பிடிக்கும், கையெழுத்துப் போட்டுருவாரு. சித்திரை பிறந்ததும் காளிகாட்டுல விடியக்காலம் வரிசை நிக்குமே, பொய்லா பொய்ஷாக் அன்னிக்குச் சிவப்பு அட்டைப் புதுக் கணக்குப் புத்தகத்தைச் சாமி முன்னால வச்சு ஹால்காதா பூஜை போட, அதுக்கு அவரும் வருசா வருசம் போறாருல்ல? புதுப் புத்தகத்துக்குக் குங்குமம் வைக்கச் செலவழிக்கிற மனுசன். ஈரம் காயுறதுக்குள்ள நகலுக்கான பேச்சை எடுத்தாத்தான் உண்டு. துர்கையைக் கரைக்கப் போறதுக்கு முந்தின நாள் போ, அன்னிக்கு எல்லாரும் இளகியிருப்பாங்க.

இதை எழுதி அனுப்புறதுக்குள்ள, அவரு சம்மதிச்சுட்டாரு, புது டிஸ்க்கும் வாங்கியாச்சு, தினம் ராத்திரி நகல் ஓடுதுன்னு இன்னிக்குக் காலையில குறுஞ்செய்தி போட்டிருக்க. சந்தோசம். அந்த டிஸ்க்கை எங்க வச்சிருக்கேன்னு மட்டும் நீ எழுதலை. மாடிப்படிக்கு அடியில, அதே சர்வரு தலைக்கு மேலதானே?